கழட்டுத பிள்ளைக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம்

ஆனித் தேரோட்டத்துக்கு திருநெல்வேலி டவுனுக்கு போயிருந்தோம், ரதவீதில நெல்லையப்பர் தேரு அசைஞ்சு வருது, எல்லாரும் மேல பாத்து கையெடுத்து கும்புடுதாவ, என் மவன் மட்டும் எங்கண்ணன் தோள்ல இருந்துகிட்டு கீழ சக்கரத்தயே பாக்கான். சக்கரத்துக்கு அடியில கட்டை போட்டு தேர நிறுத்துவாவ பாத்தியளா, அந்த கட்டைல தான் கண்ணு. "மாமா, அந்த சின்ன கட்டை எப்படி மாமா அவ்வளவு பெரிய தேர நிறுத்துது?" பாளையங்கோட்டை வீடு வந்து சேருற வரைக்கும் இதே கேள்வி தான். அப்ப அவனுக்கு நாலே முக்கா வயசு. மறுநாள் பாத்தா தீப்பெட்டியில தேரு பண்ணி சாய்வா வச்ச பலகைல விட்டு, அழிரப்பர ரெண்டா வெட்டி சக்கரத்துக்கு முட்டு குடுத்துகிட்டு இருக்கான்.

இப்படி ஒரு பிள்ள உங்க வீட்லயும் இருந்தா, டார்ச் லைட்ட கழட்டுறது, சைக்கிள் பெடல கையால சுத்தி செயின் எங்க போவுதுன்னு பாக்கது, மிக்சி ஜாடிக்கு அடியில உள்ள பிளேட திருகிப் பாக்கதுன்னு இருந்தா, அதுக்கு என்ன வாங்கிக் குடுக்கன்னு எங்க மைனி கேட்டாவ, இன்னும் ரெண்டு மூணு பேரும் கேட்டாவ. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லுததுக்கு ஒரே இடத்துல எழுதிரலாம்னு தான் இது. எங்கண்ணனுக்கு மோட்டார் ரீவைண்டிங் வேலை, அவன் சொன்னதும் இதுல நெறைய இருக்கு.

மொதல்ல கடைக்கு போவாதிய. ஒரு வாரம் பிள்ளைய சும்மா பாருங்க. சில பிள்ளைகளுக்கு அடுக்குறது தான் இஷ்டம், உசரமா அடுக்கி தள்ளி விட்டு சிரிக்கும். சிலதுக்கு ஓடணும், சுத்தணும், உருளணும். சிலது கழட்டி உள்ள பாத்தா தான் தூங்கும். மூணுக்கும் வேற வேற சாமான். ஓட்டம் கேக்குத பிள்ளைக்கு வீடு கட்டுற செட்ட வாங்கிக் குடுத்தா ரெண்டு நாள்ல அது கட்டிலுக்கு அடியில போயிரும், பிள்ள மேல தப்பு கிடையாது. எது உங்க பிள்ளைக்குன்னு தெரியலன்னா ஒரு ஞாயித்துக்கெழம கொக்கிரகுளத்துல இருக்க மாவட்ட அறிவியல் மையத்துக்கு கூட்டிட்டு போங்க, 1987ல இருந்து இருக்கு, பாதி பேரு ஸ்கூல்ல படிக்கும்போது போனதோட சரி. அங்க கைய வச்சு இயக்கிப் பாக்குத சாமான் உண்டு. நீங்க ஒண்ணும் சொல்லாம பொறத்தாலயே நடங்க, எதுக்கு முன்னால பிள்ள நகராம நிக்கோ அத மனசுல வச்சுக்கோங்க.

அடுத்தது காசில்லாத சாமான். நுங்கு சீசன்ல நோண்டித் தின்ன வெறும் பனங்காய் ரெண்டு, நடுவுல ஒரு குச்சி, தள்ளுறதுக்கு ஒரு கவட்டைக் கம்பு, நுங்கு வண்டி ரெடி. நம்மள்ல பல பேரு தெருவுல ஓட்டுனது தான். எம்மவன் வண்டி கொஞ்ச தூரம் போயி நின்னு நின்னு போச்சு, கீழ உக்காந்து குச்சிய தடவிப் பாத்தான், கவட்டை இடுக்கு குச்சிய இறுக்கிப் பிடிக்குன்னு அவனே கண்டுபிடிச்சான், ஆச்சிகிட்ட போயி தேங்கா எண்ணெய் வாங்கிட்டு வந்து ரெண்டு சொட்டு விட்டான், வண்டி சல்லுன்னு ஓடிச்சு. எங்கண்ணன் பாத்துட்டு, "ஏலே, நான் கடைல பேரிங்குக்கு கிரீஸ் வைக்கேம்லா, அதே வேலை தாம்ல இது"ன்னான். அன்னைக்கு எனக்கு தெரிஞ்சு போச்சு, இவனுக்கு சக்கரமும் அச்சும் உள்ள சாமான் தான் வேணும்னு.

இனி கடைல வாங்குறதுக்கு வருவோம். இதுல நான் ஒரு விஷயத்த அடிச்சு சொல்லுவேன், பாகம் ஒண்ணோட ஒண்ணு சரியா பொருந்தணும், மத்ததெல்லாம் அதுக்கு பொறவு தான். பெட்டி மேல உள்ள படமோ, எத்தன பீஸுன்னு போட்டிருக்க நம்பரோ முக்கியம் கிடையாது. இத நான் பட்டு தெரிஞ்சுகிட்டேன். ஒரு கடைல எக்கச்சக்க பீஸு, வெல ரொம்ப கம்மின்னு ஒரு கட்டை செட்டு வாங்கிட்டு வந்தேன். சில கட்டை மாட்டவே மாட்டேங்கு, சிலது மாட்டுனா கழலாது, சிலது கைய எடுத்ததும் விழுந்துருது. இவன் பல்லால கடிச்சு இழுத்தான், கால வச்சு மிதிச்சான், அரை மணி நேரம் கழிச்சு வந்து எம்மடில படுத்துகிட்டு, "எனக்கு மாட்டத் தெரியலம்மா"ன்னான். கட்டை சரியில்லன்னு அவனுக்கு எப்படி தெரியும், அஞ்சு வயசு பிள்ள தன்னத்தான் குறை சொல்லும். அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கமே வரல. அந்த செட்ட மறுநாளே தூக்கிப் போட்டேன்.

அதனால கடைல பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க, இல்ல சாம்பிள் கேளுங்க. ரெண்டு பீஸ எடுத்து பத்து இருவது தடவ மாட்டிக் கழட்டுங்க. மொத தடவ எவ்வளவு பிடிச்சுதோ கடைசி தடவயும் அவ்வளவு பிடிக்கணும். பெரிய ஆளு ரெண்டு விரலால லேசா கழட்ட முடிஞ்சா தான் பிள்ளைக்கு ரெண்டு கையால முடியும். வேற வேற பீஸயும் மாத்தி மாத்தி மாட்டிப் பாருங்க. ஓரத்துல விரல ஓட்டுங்க, வார்ப்புல வந்த பிசிறு கீறக் கூடாது. கடைக்காரர் பிரிக்க விடலன்னா, தெரிஞ்சவங்க வீட்ல அதே செட்டு இருந்தா ஒரு சாயங்காலம் போயி விளையாட விட்டுப் பாருங்க, அதுக்கு பொறவு வாங்குங்க.

வயசுப்படி சொல்லணும்னா, மூணு வயசுக்கு கீழன்னா சின்ன பீஸு எதுவும் ஆவாது. ஒண்ணேகால் இஞ்ச் ஓட்டைக்குள்ள அமுக்காம போற எதுவும் தொண்டையில போயி அடைச்சிரும்னு வச்சுக்கோங்க, 10 ரூவா நாணயம் அதவிட சின்னது தான். இந்த வயசுக்கு மரக்கட்டைய மிஞ்சி ஒண்ணும் கிடையாது, அதுவும் கடைல வாங்கணும்னு இல்ல. ஆசாரிகிட்ட கழிவுக் கட்டைல வெட்டித் தரச் சொல்லுங்க, ஆனா அளவ நீங்க சொல்லணும். நீளம் 6 இஞ்ச், அகலம் 3, கனம் ஒண்ணரை. இந்த அளவுல ஒரு முப்பது, அதுல பாதி நீளத்துல ஒரு இருவது, ரெட்டை நீளத்துல ஒரு பத்து. கனத்தப் போல ரெண்டு மடங்கு அகலம், அகலத்தப் போல ரெண்டு மடங்கு நீளம், இந்த கணக்கு இருந்தா தான் எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் மத்ததோட மட்டமா வரும், ரெண்டு சின்னது ஒரு பெருசுக்கு சமம்னு பிள்ள கையாலயே படிச்சுக்கும். அளவு பிசகுனா அடுக்குனது ஆடும், அதனால அளவுல மட்டும் விட்டுக் குடுக்காதிய. மூலை எல்லாத்தயும் உப்புத்தாள் போட்டு மழுங்கத் தேய்ச்சு, பெயிண்ட் அடிக்காம அப்படியே குடுத்திருங்க. நாலு சக்கரம் வேணும்னா கடைசல் பட்டறைல கேக்கலாம், அம்பாசமுத்திரம் பக்கம் சொப்பு சாமான் கடையுறவங்க இருக்காவல்லா, சக்கரமும் அச்சும் அவங்களுக்கு ஒரு வேலையே இல்ல.

ஒண்ணரை வயசுல இருந்து அஞ்சு வரைக்கும் பிளாஸ்டிக் கட்டைன்னா லெகோ கம்பெனியோட டூப்லோ நல்லது, 1969ல இருந்து வருது. சாதா லெகோவ விட நீளம் அகலம் உசரம் எல்லாமே ரெண்டு மடங்கு, அதனால பிள்ள வளந்த பொறவு சாதா லெகோ கட்டைய அது மேலயே மாட்டலாம், பழசு வீணாப் போவாது. வெல கூடுதல் தான், மறுக்கல. ஆனா இப்ப உள்ள மாதிரி லெகோ கட்டைக்கு டென்மார்க்ல 1958ல பேட்டண்ட் போட்டாவ, அன்னைக்கு செஞ்ச கட்டை இன்னைக்கு வாங்குததோட மாட்டும். நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது துபாய், சவுதின்னு இருக்காவ, அவங்க பிள்ளைக வளந்ததும் பழைய கட்டைய எடைக்கு போடுறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டு வச்சுக்கோங்க. வந்ததும் வெதுவெதுப்பான தண்ணில சோப்பு போட்டு கழுவுங்க, கொதிக்கத் தண்ணி ஊத்துனா நெளிஞ்சிரும்.

நெறைய வேணும்னு நெனைக்காதிய. எட்டு குமிழ் உள்ள லெகோ கட்டை ஆறே ஆறு இருந்தா 91 கோடிக்கு மேல வேற வேற விதமா சேக்கலாம்னு கணக்கு போட்டு வச்சிருக்காவ. கம்மியா, ஒரே வகையா வாங்கி, பொறந்தநாளைக்கு பொறந்தநாள் அதோடயே கூட்டுங்க. நாலு கம்பெனி செட்டு நாலு வாங்குனா ஒண்ணு ஒண்ணோட சேராது, பிள்ளைக்கு அதுல பாதி நேரம் போயிரும்.

நாலு வயசுக்கு மேல ஓட்டம் கேக்குத பிள்ளைக்கு பல்சக்கர செட்டு, அதான் கியர் செட்டு. தட்டுல முளை குத்தி சக்கரத்த மாட்டி ஒண்ண சுத்துனா எல்லாம் சுத்தும். வாங்கும்போது சக்கரம் ரெண்டு மூணு சைஸுல இருக்கான்னு பாருங்க, எல்லாம் ஒரே சைஸுன்னா பூ சுத்துற மாதிரி அழகா இருக்கும், கத்துக்கிட ஒண்ணும் இருக்காது. 8 பல்லும் 24 பல்லும் இருந்தா சின்னது மூணு சுத்து சுத்துனா தான் பெருசு ஒரு சுத்து வரும், சக்கரத்துல ஒரு பொட்டு வச்சு எண்ணச் சொல்லுங்க. இவன் எண்ணிட்டு ஓடிப் போயி சைக்கிள திருப்பிப் போட்டு பெடல் சக்கரத்தயும் பின் சக்கரத்தயும் எண்ண ஆரம்பிச்சுட்டான்.

நட்டு போல்ட்டு போடுற தகர செட்டுக்கு ஆறரை ஏழு வயசு ஆவட்டும், விரலுக்கு அதுக்கு முன்னால தெம்பு வராது. இது பழைய சாமான், லிவர்பூல்ல பிராங்க் ஹார்ன்பின்னு ஒருத்தர் தன் பிள்ளைகளுக்காக பண்ணி 1901ல பேட்டண்ட் வாங்குனாரு, பொறவு தான் மெக்கானோன்னு பேரு. அதுல எல்லா ஓட்டையும் அரை இஞ்ச் இடைவெளி, அதனால எந்தப் பட்டைய எதுல வச்சாலும் ஓட்டை நேரா நிக்கும். நீங்க எந்த கம்பெனி செட்டு வாங்குனாலும் ரெண்டு பட்டைய ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துல பிடிங்க, எல்லா ஓட்டை வழியாவும் வெளிச்சம் வரணும். ஒண்ணு ரெண்டு மறைச்சா வேண்டாம்.

அண்ணன் மவளுக்கு ஏழு வயசுல இந்த செட்டு தான் வாங்குனோம், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதுன்னு ஆச்சி கேட்டாவ, இப்ப வீட்ல ஃபேன் ரெகுலேட்டர் மாத்தும்போது அவ பக்கத்துல நின்னு ஸ்க்ரூவ வரிசையா அடுக்கித் தாரா. மொத நாள் நட்டு கோணலா ஏறி ஏறி சிக்கிச்சு, கோவத்துல முறுக்குதா. எங்கண்ணன் அவ கைய பிடிச்சு, "மொதல்ல எடப்பக்கமா திருப்பு மக்ளே, கழட்டுத மாதிரி. டொக்குன்னு ஒரு எடத்துல கீழ எறங்கும் பாரு, அங்க இருந்து வலப்பக்கம் திருப்பு"ன்னான். கண்ண மூடிகிட்டு திருப்புனா, டொக்குன்னு எறங்கிச்சு, அவ மொகத்த அப்ப பாக்கணும். மரை, அதான் போல்ட்டுல சுத்தி சுத்தி வெட்டிருக்க வரி, எங்க ஆரம்பிக்குன்னு விரலுக்கு தெரிஞ்சு போச்சுல்லா, அதுக்கு பொறவு ஒரு நட்டு கூட கோணலா ஏறல. வாங்குத அன்னைக்கே இத சொல்லிக் குடுங்க, இல்லன்னா ரெண்டு நாள்ல மரை தேய்ஞ்சிரும்.

பாதுகாப்பு விஷயத்துல மூணே மூணு. பெட்டில ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும், 2021 ஜனவரி 1ல இருந்து 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக பொம்மைக்கு அது கட்டாயம், பதிவு பண்ணுன கைவினைஞர்க செய்யுததுக்கு விலக்கு உண்டு. ரெண்டாவது காந்தக் கட்டை. நல்ல சாமான் தான், ஆனா ஓரம் உடைஞ்சு உள்ள இருக்க காந்தம் வெளிய வந்தா அன்னைக்கே குப்பைல போடுங்க. ரெண்டு காந்தத்த பிள்ள முழுங்குனா குடலுக்குள்ள ஒண்ண ஒண்ணு இழுத்து குடலயே ஓட்டையாக்கிரும், அப்படி சந்தேகம் வந்தா கூட வெளிய வரட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பட்டன் பேட்டரியும் அப்படித்தான், தொண்டைல மாட்டுனா ரெண்டு மணி நேரத்துல புண்ணாக்கிரும், அதனால பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடுற மாதிரி இல்லன்னா அந்த சாமானே வேண்டாம். பேட்டரில தானா ஓடுற சாமான நான் ஆறு வயசு வரைக்கும் வாங்கவே இல்ல, கையால சுத்துனா தான் எங்க இறுகுது, எங்க வழுக்குதுன்னு கைக்கு தெரியும்.

வாங்கிட்டு வந்த பொறவு ஒரு பழைய போர்வைய விரிச்சு அது மேல விளையாட விடுங்க, முடிஞ்சதும் நாலு மூலையயும் சேத்து தூக்குனா ஒரு பீஸு காணாப் போவாது. கூட வந்த படப் புத்தகத்த மொத நாளே எடுத்து நீட்டாதிய. பிள்ள தப்பா மாட்டுதுன்னு கை பரபரக்கும், நானும் ரெண்டு மூணு தடவ பிடுங்கி சரி பண்ணிக் குடுத்தேன், அவன் அப்படியே எந்திச்சு போயிட்டான். இப்ப பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுகிட்டு இருப்பேன், அவனா "அம்மா, இங்க பிடி"ன்னு சொன்னா மட்டும் அவன் காட்டுற எடத்துல ஒரு விரல வச்சுப் பிடிப்பேன்.