இங்க்ஸ்கேப்பில் ஒரு வடிவத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது எப்படி?

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கத்தரிக்கோல் மாதிரி ஒரு கருவியைத் தேடி மெனு முழுக்க அலைவார்கள். இங்கே வெட்டுவதும் ஒரு வடிவம்தான். வெட்டுப்படுவதும் ஒரு வடிவம்தான். மேலே இருப்பது கீழே இருப்பதை வெட்டும். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு வட்டத்தை இரண்டாக்கிப் பார்ப்போம்.

1. எலிப்ஸ் கருவியை எடுத்து, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி குறுக்காக இழுத்து ஒரு வட்டம் போடுங்கள். கீழே உள்ள வண்ணப் பட்டையில் ஏதாவது ஒரு நிறத்தைத் தட்டுங்கள்.

2. பென் கருவியை எடுத்து, வட்டத்துக்கு இடப்பக்கம் வெளியே ஒரு கிளிக், வலப்பக்கம் வெளியே ஒரு கிளிக், அப்புறம் என்டர். கோடு இரு பக்கமும் வட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் வட்டம் பிரியாது. 'வேலை செய்யவில்லை' என்ற புலம்பலில் பெரும்பகுதி இதனால்தான் வருகிறது.

3. செலக்ட் கருவியால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இரண்டையும் தேர்வு செய்யுங்கள். பாத் மெனுவில் டிவிஷன்.

கோடு மறைந்துவிடும், வட்டம் அப்படியே இருப்பதுபோலத் தெரியும். பதறவேண்டாம். இரண்டு துண்டுகளும் இன்னும் சேர்ந்தே தேர்வில் இருக்கின்றன. எஸ்கேப் தட்டிவிட்டு ஒரு பாதியை மட்டும் பிடித்து இழுங்கள், தனியே வரும்.

அப்படியும் பிரியவில்லையா? கோடு வட்டத்துக்கு அடியில் போயிருக்கலாம். அன்டூ செய்து, கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஹோம் விசையை அழுத்தினால் அது எல்லாவற்றுக்கும் மேலே வந்துவிடும். மறுபடி டிவிஷன் கொடுங்கள்.

எட்டுத் துண்டு வேண்டுமென்றால் மையத்தைக் கடந்து நான்கு கோடுகள் போட்டு, கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் கம்பைன் கொடுத்து ஒரே பாதையாக்குங்கள் (பாதை, அதாவது பாத் என்பது வடிவத்தை உருவாக்கும் கோடு). பிறகு வட்டத்தையும் சேர்த்து டிவிஷன். கோடு நேராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. நெளிநெளியாக வரைந்தால் துண்டும் நெளிந்தே வரும்.

அதே மெனுவில் உள்ள டிஃபரன்ஸ் மேல் வடிவத்தின் அளவுக்குக் கீழ் வடிவத்தில் ஓட்டை போடும். இன்டர்செக்‌ஷன் இரண்டும் பொதுவாக மூடும் பகுதியை மட்டும் விட்டுவைக்கும். எதிலுமே மேலே உள்ள வடிவம் காணாமல் போகும் என்பதால், அது பின்னால் தேவைப்படும் என்றால் முன்கூட்டியே கண்ட்ரோல் டி அழுத்தி ஒரு நகல் எடுத்து ஓரமாக வையுங்கள். கட் பாத் என்பது வேறு. அது வெளிக்கோட்டை மட்டும் துண்டாக்கும், உள்ளே நிரப்பிய நிறம் போய்விடும்.

எழுத்துகளை வெட்ட, முதலில் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து அவற்றைப் பாதையாக்குங்கள். அது எழுத்துகளைக் குழுவாகத் தரும். அன்குரூப் செய்து, யூனியன் கொடுத்து ஒன்றாக்கிவிட்டு மேலே சொன்னபடி வெட்டலாம்.

புகைப்படத்திடம் டிவிஷன் செல்லாது, அதில் வெட்டுவதற்குப் பாதையே இல்லை. படத்தின் மேல் வடிவத்தை வைத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் உள்ள கிளிப்பைப் பயன்படுத்துங்கள். வடிவத்துக்கு வெளியே இருப்பது மறையும், அழியாது. ரிலீஸ் கொடுத்தால் முழுப் படமும் திரும்பும். பல துண்டுகள் வேண்டுமானால் துண்டுக்கு ஒரு நகல் வீதம் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

2023இல் வந்த 1.3 பதிப்பு முதல் ஷேப் பில்டர் என்ற கருவியும் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் வடிவங்களைத் தேர்ந்தெடுத்து அதை எடுத்தால், வேண்டிய பகுதிகளை மவுஸால் இழுத்தே சேர்க்கலாம். ஷிஃப்ட்டோடு இழுத்தால் நீக்கலாம். ஆனாலும் டிவிஷன் கைக்குப் பழகிய பிறகு இதற்குப் போவதே நல்லது என்பேன்.