ஐந்து சென்டிமீட்டருக்குள் ஒரு ராணியும் ஒரு பீனிக்ஸும்

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தை நிக்கலஸ் ஹில்லியார்ட் 1572இல் வரைந்த சிற்றோவியம் 51 மி.மீ. உயரம், 48 மி.மீ. அகலம்தான். லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. அந்தப் பாணியில் ஒன்றை நாமே வரைந்து பார்ப்போம். அதே அளவில் ஒரு நீள்வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

தளம். அன்று மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டு அட்டையில் பசை போட்டு ஒட்டினார்கள். அந்தத் தோலின் பெயர் வெல்லம். கடையில் கேட்டால் மளிகைக்கடைக்கு வழி சொல்வார்கள். பழகுவதற்கு வழவழப்பான 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாள் போதும். சொரசொரப்பான தாளில் இமைக்கோடு திட்டுத்திட்டாக உடையும்.

முகம். வெள்ளை குவாஷில் (அடி தெரியாமல் மூடும் நீர்வண்ணம்) அரிசிமணி அளவு சிவப்பு, அதில் பாதி காவி மஞ்சள். நீர்மோரைவிடக் கெட்டி, தயிரைவிடத் தளர்வு என்ற பதத்தில் ஒரே பூச்சு. நன்றாகக் காயட்டும். பிறகு கண், மூக்கு, உதடு எல்லாம் முக்கால்வாசி உலர்ந்த தூரிகையால் சின்னச் சின்னக் கோடுகள். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள்: வண்ணத்தைப் பிடித்திருக்கும் கருவேலம்பிசின் நீர் பட்டால் மறுபடி கரையும், அடிப்பூச்சு பெயர்ந்து முகம் சேறாகிவிடும். நிழல் வேண்டாம். மரநிழல் படாத திறந்த தோட்டப் பாதையில்தான் எலிசபெத் உட்கார்ந்தார் என்று ஹில்லியார்டே எழுதிவைத்திருக்கிறார்.

பின்னணி. உருவத்தின் விளிம்பை நீலத்தால் சுற்றி வரைந்து, அது ஈரமாக இருக்கும்போதே தூரிகை நிறைய எடுத்து மீதியை நிரப்புங்கள். பாதி காய்ந்ததும் திருத்தப் போனால் தழும்பு நிற்கும்.

முத்து. கெட்டி வெள்ளையில் ஒரு சொட்டு, மேடாகக் காயவேண்டும். அதன்மேல் ஊசிமுனை அளவு வெள்ளிப் புள்ளி. ஹில்லியார்ட் அசல் வெள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகள் இன்று கறுத்துக் கிடக்கின்றன. நீங்கள் கறுக்காத அலுமினியத் தூள் வண்ணம் வாங்குங்கள்.

குறியீடு. ஒன்றே ஒன்று போதும், மார்புப் பதக்கமாக. தீயில் எரிந்து மறுபடி பிறக்கும் கதைப்பறவை பீனிக்ஸ் என்றால் தனக்கு இணையில்லாதவள், கன்னி. பெலிக்கன் என்றால், பழைய நம்பிக்கைப்படி, தன் ரத்தத்தால் குஞ்சுகளை ஊட்டும் தாய். பிறைநிலா ரோமானியரின் கன்னித் தெய்வமான டயானாவைச் சுட்டும், அதைக் கூந்தலில் வைக்கலாம். நான்கு மில்லிமீட்டரில் இறகு தெரியாது, புற உருவம்தான் பேசும். பீனிக்ஸுக்குக் கீழே மூன்று சிவப்புச் சுடர்களை முதலில் போடுங்கள். சுடர் இல்லாவிட்டால் அது வெறும் பருந்து. பெலிக்கனுக்கு வளைந்த கழுத்து, அலகு நெஞ்சில் படும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

வேலை நடக்கும்போது படத்துக்கு மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சில் தெறித்த இடத்தில் புள்ளி விழும். படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போடும்போது கண்ணாடியை ஓரத்தில் அட்டை வைத்து உயர்த்துங்கள், இல்லையென்றால் முதலில் நசுங்குவது முத்துகள்தான்.