எலிக்காலில் சர்க்கரைப் புண்: அறுவை ஆய்வுக்கு மாதிரி உருவாக்குவது எப்படி?

எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைத்துவிடலாம். ஆனால் அதன் காலில் புண் தானாக வராது. இந்தத் தலைப்பில் ஆய்வு தொடங்கும் முதுநிலை மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். மனிதருக்குப் பல வருடச் சர்க்கரையில் கால் மரத்துப்போகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, செருப்பு கடித்தது தெரியாமலே புண் ஆழமாகிறது. எலியில் இவை ஒவ்வொன்றையும் நாம்தான் உண்டாக்க வேண்டும்.

படி 1: எந்த அறுவை?

தோல் ஒட்டு பிடிக்கிறதா என்று பார்க்கச் சர்க்கரையும் ஒரு காயமும் போதும். இறுகிய நரம்பைத் தளர்த்தும் அறுவை என்றால், நரம்பு பாதிக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பதைச் சோதிக்கப் புதுக்காயம் உதவாது; ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமியை விட்டு, அது படலமாகப் படிய விடுவார்கள். ரத்த ஓட்டத்தைக் கூட்டும் அறுவைக்குத் தொடைத் தமனியைக் கட்டுவதுண்டு. ஆனால் எலியில் கிளை நாளங்கள் வளர்ந்து சில வாரங்களில் ஓட்டம் ஓரளவு மீண்டுவிடும். தாமதித்தால், குணமாக்கியது உங்கள் அறுவையா எலியின் உடம்பா என்று சொல்ல முடியாது.

படி 2: அனுமதி

இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக்கூடாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, எந்த நிலைக்கு மேல் அதைத் துன்பப்பட விடமாட்டீர்கள் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

படி 3: சர்க்கரையை ஏற்றுவது

வழக்கமான மருந்து ஸ்ட்ரெப்டோசோட்டோசின். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும். எலிக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 65 மி.கி. வரை, ஒரே ஊசி. குளிர்ந்த சிட்ரேட் பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்), பி.எச். 4.5 அளவில் கரைத்து உடனே போட்டுவிட வேண்டும். நான் முதல் தடவை எல்லா எலிக்கும் சேர்த்துக் காலையிலேயே கரைத்து வைத்துக்கொண்டு, ஆற அமர எடை போட்டுப் போட்டு ஊசி குத்தினேன். கடைசியில் குத்திய எலிகளுக்குச் சர்க்கரை ஏறவே இல்லை! இப்போதெல்லாம் எடையை முந்தைய நாளே குறித்துவிடுகிறேன். கையுறை கட்டாயம், நச்சு மருந்து இது.

செல்கள் சிதையும்போது உள்ளே இருந்த இன்சுலின் கொட்டும். அன்று இரவே சர்க்கரை தாழ்ந்து எலி செத்துப்போகலாம். அதனால் முதல் நாள் குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள். மூன்று நாள் கழித்து வால் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, டெசிலிட்டருக்கு 300 மி.கி.க்கு மேல் இருந்தால் சேர்த்துக்கொள்வது பொதுவான வழக்கம்.

அப்புறம், கூண்டில் விரிக்கும் உமி. சர்க்கரை எலி குடித்துக் குடித்துச் சிறுநீர் கழிக்கும், ஒரே ராத்திரியில் கூண்டு நனைந்துவிடும். ஈர உமியில் நிற்கும் காலில் நீங்கள் போட்ட காயம் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் மாற்றுங்கள்.

படி 4: காயம்

முதுகில் போடுவது சுலபம். ஆனால் எலியின் தோலுக்கடியில் மெல்லிய தசைப்படலம் உண்டு. அது சுருங்கியே காயத்தை மூடிவிடும். மனிதருக்கு அப்படி இல்லை, புதுச்சதை வளர்ந்து மேல்தோல் படர வேண்டும். இதற்காகத்தான் முதுகுக் காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் தைக்கிறார்கள். பாத ஆய்வுக்கு நான் பின்னங்கால் பாதத்தின் மேற்புறத்தைத்தான் சொல்வேன். அங்கே தோல் இறுக்கம், சுருக்கமும் குறைவு.

மயக்க மருந்தில் ஒரு பொறி இருக்கிறது. கெட்டமினுடன் சேர்க்கும் சைலசின் இன்சுலின் சுரப்பைத் தடுத்துச் சர்க்கரையை உயர்த்தும். ஆகவே ரத்தம் பார்ப்பதை மயக்கத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். விழித்ததும் வலி மருந்து. ஒரு கூண்டுக்கு ஓர் எலி. சேர்த்து விட்டால் ஒன்றின் தையலை இன்னொன்று கடித்துவிடும்.

படி 5: அறுவையும் ஒப்பீடும்

எந்த எலி எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். புதியவர்கள் சறுக்கும் இடம் ஒப்பீட்டுக் குழு. இலிசரோவ் முறையில், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் சிறு துண்டை வெட்டி, கம்பிச் சட்டம் பொருத்தி, அந்தத் துண்டைத் தினமும் கொஞ்சம் நகர்த்தும் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே செய்யாத எலியோடு மட்டும் ஒப்பிட்டால், பலன் நகர்த்தியதாலா, எலும்பை வெட்டியதாலா என்று தெரியாது. சட்டம் பொருத்தி, எலும்பையும் வெட்டி, நகர்த்தாமல் விட்ட குழு ஒன்று வேண்டும்.

படி 6: அளப்பது

பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஒரே உயரத்திலிருந்து படமெடுங்கள். 0, 3, 7, 10, 14 என நாட்களை முன்கூட்டியே குறித்துவையுங்கள். இமேஜ்ஜே மென்பொருளில் பரப்பை அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. ஓர் எலியின் இரண்டு காலிலும் காயம் போட்டிருந்தாலும் அது கணக்கில் ஓர் எலிதான். பத்து எலியை இருபதாகக் காட்டினால் ஆய்விதழின் நல்ல மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.