பகல் சாப்பாடு முடிந்ததும் ஆற்றில் இறங்காதீர்கள்

சித்திரை விடுமுறை தொடங்கினால் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை வான் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த வெக்கையில் பிள்ளைகளை எத்தனை நாள்தான் வீட்டுக்குள் பூட்டி வைப்பது, தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துப் போவோம் என்று ஆளாளுக்குக் கிளம்புவார்கள். போகத்தான் வேண்டும். சொந்தக்காரர்களையும் ஒழுங்கைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆறு, அருவி, காடு என்று பல வருடங்களாகத் திரிகிறவன் நான். புதிதாகக் கிளம்புகிறவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்துகளை அச்சுப் பிசகாமல் செய்வதைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை. தொப்பி போடுங்கள், குடித்துவிட்டு நீந்தாதீர்கள் என்பதையெல்லாம் உங்கள் வீட்டில் ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். மற்றதைப் பார்ப்போம்.

வெயிலைப் பாகையில் மட்டும் பார்ப்பது

கைபேசியில் 32 பாகை என்று காட்டும். இதென்ன பெரிய வெயிலா என்று நண்பகலில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் இறங்குவார்கள். கொழும்பின் சிக்கல் வெயிலைவிடக் காற்றிலுள்ள ஈரம். வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால்தான் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையோடு ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பச் சுட்டெண் எச்சரிக்கையை வெளியிடுகிறது. பார்க்க வேண்டியது அதைத்தான். ஏப்ரல் முதற் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்பதால், மத்தியானத்தில் ஒதுங்க நிழலும் மிஞ்சாது.

பெத்தகானவோ தலவத்துகொட தியசரு பூங்காவோ, காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். பறவைகளும் அப்போதுதான் வெளியே வரும். பையில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல் தூளான ஜீவனி இரண்டு பக்கற் இருக்கட்டும். யாராவது முன்னுக்குப் பின் முரணாகப் பேசினாலோ, நிலை தடுமாறினாலோ அது சாதாரணக் களைப்பு அல்ல. நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 அம்புலன்சை அழையுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கடல்

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கல்கிசையில் இருப்பது வேறு கடல். சிவப்புக் கொடி பறந்தால் இறங்க வேண்டாம், உயிர்காப்பாளரோடு வாதாடவும் வேண்டாம்.

பிந்திப் போய்ச் சேர்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். களனி கங்கையில் குளிக்கவும் படகோட்டவும் ஆட்கள் போகிற கித்துல்கலப் பயணம் எப்படி நடக்கிறதென்று பாருங்கள். காலை ஆறு மணிக்கு வான் என்று சொல்லியிருப்பார்கள். சித்தி வர ஏழரை, வான் புறப்பட எட்டரை. அவிசாவளையில் தேநீர், யட்டியாந்தோட்டை தாண்டியதும் படம் எடுக்க ஒரு நிறுத்தம். போய்ச் சேரும்போது மத்தியானம். சரி, முதலில் சாப்பிடுவோம் என்று பார்சலைப் பிரித்து, புரியாணி தின்று, கொஞ்சம் சாய்ந்திருந்துவிட்டு இரண்டு மணிக்கு ஆற்றில் இறங்குவார்கள். மார்ச், ஏப்ரலில் ஆற்றில் இருக்கவே கூடாத நேரம் எதுவென்று கேட்டால் அந்த இரண்டு மணியைத்தான் சொல்வேன்.

இது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடற்காற்று ஈரத்தை மலைப்பக்கம் தள்ளும். மத்தியானத்தில் முகில் திரண்டு, பின்னேரம் இடியோடு கொட்டும். கொட்டுவது பெரும்பாலும் நீங்கள் குளிக்கிற இடத்தில் அல்ல, மேலே மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில். அங்கே தேயிலைச் சரிவும் பாறையும்தான், விழுந்த தண்ணீர் நிற்க இடமில்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கித்துல்கல அந்தச் சந்திப்புக்குக் கீழே இருக்கிறது. போதாததற்கு மேலே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் வரிசையாக மின்நிலையங்களும் இருக்கின்றன. மின் உற்பத்திக்குத் தண்ணீர் விட்டால், ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆறு ஏறும்.

ஒரு சித்திரையில் மைத்துனர் குடும்பத்தோடு போயிருந்தேன். ஆற்றுக்கு மேலே நீல வானம், நோர்ட்டன் பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது. ஏறுங்கள் என்றேன். “இங்கே வெயில்தானே மாமா” என்று பதில் வந்தது. மைத்துனரின் பெரியவன் நடு ஆற்றுப் பாறையில் கைபேசியோடு இருந்தான். தண்ணீரில் காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையும் வர ஆரம்பித்தன. சற்று முன்வரை தெளிந்திருந்த தண்ணீர் பால் தேநீர் நிறத்துக்கு மாறியது. கரையில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த ஊர்க்காரர் “வத்துர எனவா!” (தண்ணீர் வருகிறது) என்று சிங்களத்தில் கத்தியபடியே வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார். பெரியவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கரை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவன் இருந்த பாறை கண்ணில் படவில்லை. ஐஸ் பெட்டியும் மைத்துனரின் செருப்பும் போய்விட்டன. எல்லோரும் மேலே நின்று மூச்சு வாங்கும்போது மைத்துனர் கேட்டார்: “நாலு மணிக்கு வடிந்துவிடுமா? இன்னொருக்கா இறங்கலாமே?”

இலை, சுள்ளி, நுரை, கலங்கல், ஆற்றின் இரைச்சல் கூடுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் ஏறிவிடுங்கள். செருப்பைத் தேடாதீர்கள், பையை எடுக்கத் திரும்பாதீர்கள். சிறிய ஓடைகளும் அருவித் தடாகங்களும் ஆற்றைவிட வேகமாக ஏறும். இரண்டு பக்கமும் பாறைச் சுவராக இருந்தால் ஓட இடமும் கிடையாது. ஊர்க்காரர் துவைப்பதை நிறுத்தினால் நீங்களும் குளிப்பதை நிறுத்துங்கள்.

இழுபட்டுப் போனால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால், தண்ணீர் ஆளை முகம் குப்புறத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதந்தபடி, கையால் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. ஒருவர் இழுபட, காப்பாற்றக் குதித்தவர்களும் சேர்ந்து போன செய்திகளை எத்தனை முறை வாசித்துவிட்டோம்! கயிறு எறியுங்கள், இல்லாவிட்டால் மூடி இறுக்கிய வெற்றுக் கலன் ஒன்றை எறியுங்கள்.

படகோட்டத்துக்குப் போகிறவர்கள் மிதவை அங்கியின் பூட்டைப் படத்துக்காகக் கழற்றுவதையும் பார்க்கிறேன். கழற்றாதீர்கள்.

ஆக, அதிகாலை நாலு மணிக்கு வான். வராதவர்களை விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த முறை வந்து நிற்பார்கள். எட்டு மணிக்கு முன் ஆற்றில் இறங்கலாம். பன்னிரண்டுக்குக் கரை ஏறி, அப்புறம் ஆறுதலாகச் சாப்பிடலாம்.

இடி

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிகூட இல்லையென்றால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறவர்கள் நூலை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் கழித்து வெளியே வாருங்கள். மரத்தடி, கடற்கரைக் குடிசை எல்லாம் ஒதுங்கும் இடமல்ல.

முதலை

பொல்கொட ஏரியிலும் தியவன்னாவிலும் இருக்கிறது. பலகையில் எழுதியிருப்பது விளையாட்டுக்கு அல்ல.

அட்டை

காலில் ஏறிக் கடித்தால் உப்பு போதும். அலற வேண்டாம்.

இடத்தின் பெயர் தெரியாமல் போவது

வரைபடத்தில் யாரோ போட்ட புள்ளியைப் பின்தொடர்ந்து போய்விடுவார்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் “ஒரு பாலத்துக்குப் பக்கத்தில்” என்பார்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் சிக்னலும் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். வீதியைவிட்டு இறங்கும் இடத்தில் கிலோமீற்றர் கல்லைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 ஆகிய மூன்றும் வான் சாரதியின் கைபேசியிலும் இருக்கட்டும். எல்லோரும் நனைந்து நிற்கும் நேரத்தில் காய்ந்த கைபேசி அவரிடம் மட்டும்தான் இருக்கும்.