பச்சை விளக்கு எரிந்தும் இணைப்பு இல்லை: சுவிட்சில் யூடிஎல்டி அமைக்கும் முறை

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வலையமைப்பு வேலை பார்க்கிற எங்களுக்குச் செம்பனை மட்டை ஒரு நிரந்தரத் தொல்லை. காய்ந்த மட்டை சரிந்து, கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய ஃபைபர் கேபிளின் மேல் விழும்போது, கேபிள் எப்போதும் முழுதாக அறுந்துவிடுவதில்லை. சில நேரங்களில் உள்ளே இருக்கும் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் முறிந்து, மற்றொன்று ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்துகொண்டிருக்கும். முழுதாக அறுந்ததை எவரும் கண்டுபிடித்துவிடலாம். பாதி அறுந்ததுதான் ஆளை அலைக்கழிக்கும்.

ஒரு செம்பனை ஆலையில் எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. அங்கே தோட்ட அலுவலகம், எடைமேடை, பட்டறை என மூன்று இடங்களில் மூன்று சிஸ்கோ சுவிட்சுகள் வளையமாக இணைக்கப்பட்டிருந்தன. எடைமேடைக்கும் பட்டறைக்கும் இடையே மட்டும், ஃபைபரையும் செப்புக் கம்பியையும் இணைக்கும் நூறு மெகாபிட் பழைய மீடியா கன்வர்ட்டர்கள் இரண்டு முனைகளிலும் நின்றன. காலையில் குலை ஏற்றிய லோரிகள் வரிசையில் நிற்க, எடை பதிவாகவில்லை. எடைமேடைக் கிராணி தொலைபேசியில், "அண்ணே, எல்லா விளக்கும் பச்சையாத்தான் எரியுது, ஆனா ஒண்ணுமே போகமாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தபோது விளக்குகள் எரியத்தான் செய்தன. ஆனால் சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில், தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத வேகத்தில் துடித்தன. இப்படிச் சேர்ந்து துடிக்கும் சுவிட்சைக் கண்டால், உள்ளே ஃபிரேம்கள் என்னும் தரவுத் துண்டுகள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். நூறு மெகாபிட் இணைப்பில் 64 பைட் ஃபிரேம்கள் விநாடிக்கு ஏறக்குறைய 148,800 ஓட முடியும் என்பதால், எடைமேடைக் கணினியின் சிறிய பதிவுக்கு அந்த நெரிசலில் இடமே இருக்காது.

பட்டறையிலிருந்து எடைமேடைக்கு ஒளி கொண்டுவரும் இழை முறிந்திருந்தது. எதிர்த்திசை இழை நன்றாக இருந்தது. கன்வர்ட்டரின் ஃபைபர் விளக்கு அணைந்துதான் கிடந்தது; ஆனால் அது பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருந்ததால் எவர் கண்ணிலும் படவில்லை. கிராணி பார்த்தது கன்வர்ட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையே உள்ள ஒரு முழச் செப்புக் கம்பியின் விளக்கை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழுதான அந்த இணைப்பு வேலையே செய்யாமல் சும்மா இருந்த இணைப்பு. வளையத்தில் ஃபிரேம்கள் சுற்றாமல் இருக்க, சுவிட்சுகளில் ஓடும் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு எடைமேடையின் அந்தப் போர்ட்டை அடைத்து வைத்திருந்தது. அடைத்த போர்ட் அடைபட்டே இருக்க வேண்டுமானால், எதிர்ச் சுவிட்ச் 2 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பிபிடியு என்னும் அறிவிப்பு தொடர்ந்து காதில் விழ வேண்டும். இழை முறிந்ததும் அறிவிப்பு நின்றது. எதிரில் யாரும் இல்லை என்று எடைமேடைச் சுவிட்ச் முடிவுகட்டி, 20 விநாடி காத்து, பிறகு 15, 15 என்று இரண்டு கட்டங்களைக் கடந்து, சுமார் 50 விநாடியில் போர்ட்டைத் திறந்துவிட்டது. பேசும் இழை நன்றாக இருந்ததால், அலுவலகத்திலிருந்து எடைமேடைக்கும் அங்கிருந்து பட்டறைக்கும் மீண்டும் அலுவலகத்துக்கும் ஒரே திசையில் ஃபிரேம்கள் சுற்றத் தொடங்கின.

போர்ட் விளக்கு எரிவதற்கு "என் காதில் ஏதோ விழுகிறது" என்பதற்கு மேல் பொருள் இல்லை. "நான் பேசுவது எதிரே கேட்கிறது" என்று அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள எதிராளியைப் பதில் சொல்ல வைக்க வேண்டும். சிஸ்கோ சுவிட்சுகளில் அந்த வேலையைச் செய்வது, ஒருவழியாகிப்போன இணைப்பைக் கண்டுபிடிக்கும் யூடிஎல்டி. அதன் செயல்முறை 2008-இல் ஆர்எஃப்சி 5171 என்ற ஆவணமாக வெளிவந்தது. ஒவ்வொரு சுவிட்சும் தன் அடையாளத்தையும் போர்ட் எண்ணையும், அதோடு தான் யார் யார் குரலைக் கேட்டது என்ற பட்டியலையும் அனுப்பும். எதிரிலிருந்து வரும் பட்டியலில் தன் பெயர் இருந்தால் இரு வழியும் சரி.

முதல் படி: மின்விளக்குக்குக் கீழே உள்ளதைப் பாருங்கள்

கட்டளை தட்டுவதற்கு முன் இணைப்பின் உடல்நிலையைப் பார்த்துவிடுங்கள். சுவிட்சில் நேரடியாக எஸ்எஃப்பி என்னும் ஃபைபர் செருகியைப் போட்ட கிகாபிட் இணைப்பு என்றால், இரு முனைகளும் தமக்குள் பேசி ஒத்துக்கொள்ளும் ஆட்டோ நெகோஷியேஷன் இயங்கும்வரை ஓர் இழை போனாலும் இரண்டு முனையிலும் இணைப்பு விழுந்துவிடும். யாரோ ஒருவர் ஏதோ காரணத்துக்காக அந்த போர்ட்டில் "ஸ்பீடு நோநெகோஷியேட்" என்று போட்டு வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். தக்க காரணம் இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

மீடியா கன்வர்ட்டர் இருந்தால், அதன் பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள சிறு டிப் சுவிட்சுகளைப் பாருங்கள். எல்எஃப்பி என்று ஒன்று இருந்தால், அதை இரு முனையிலும் ஆன் செய்யுங்கள். ஃபைபர் பக்கம் விழுந்தால் செப்புப் பக்கத்தையும் அது விழச் செய்யும். என் ஆலையில் இருந்த பழைய பெட்டிகளில் அந்த வசதி இல்லை. ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்து.

இரண்டாம் படி: கட்டளைகள்

கட்டளைகளை ஒலிக்கும் விதமாகத் தமிழில் எழுதுகிறேன். திரையில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிள் மூலம் நுழைவது நல்லது. நீங்கள் மாற்றும் போர்ட் வழியாகவே நுழைந்திருந்தால், ஒரு தவறில் நீங்களே வெளியே பூட்டப்படுவீர்கள்.

எனேபிள்
கன்ஃபிகர் டெர்மினல்
யூடிஎல்டி மெசேஜ் டைம் 7
இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈத்தர்நெட் 0/24
யூடிஎல்டி போர்ட் அக்ரெசிவ்
எண்ட்

புதியவர்கள் பெரும்பாலும் இடறி விழும் இடம் இது. "யூடிஎல்டி எனேபிள்" என்று பொதுவாக ஒரே வரியில் போட்டுவிட்டால் எல்லாப் போர்ட்டும் பாதுகாப்பில் வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பொதுக் கட்டளை ஃபைபர் போர்ட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். கன்வர்ட்டர் வழியாகச் செல்லும் இணைப்பு, வெளியே எத்தனை கிலோமீட்டர் ஃபைபராக இருந்தாலும், சுவிட்சின் பார்வையில் செப்புப் போர்ட்தான். ஆகவே மேலே உள்ளதுபோல் அந்தப் போர்ட்டுக்குள் நுழைந்து தனியாகச் சொல்ல வேண்டும்.

அக்ரெசிவ் என்பதை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். வெறும் "யூடிஎல்டி போர்ட்" என்றால் அது சாதாரண முறை. இழைகள் மாற்றிச் செருகப்பட்டது போன்ற தெளிவான சான்று கிடைத்தால் அது போர்ட்டை மூடும். எதிராளியின் குரல் மெல்ல நின்றுபோனால், நிலை தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். அக்ரெசிவ் முறையோ, ஒருமுறை கேட்ட குரல் நின்றால், விநாடிக்கு ஒன்றாக 8 முறை கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் போர்ட்டை எர்ர்-டிசேபிள் என்னும் முடக்க நிலைக்குத் தள்ளிவிடும். மட்டை விழும் ஊரில் எனக்கு இதுவே வேண்டும்.

மெசேஜ் டைம் வழக்கமாக 15 விநாடி. எதிராளியின் பெயரைச் சுவிட்ச் நினைவில் வைத்திருப்பது அதைப்போல் மூன்று மடங்கு நேரம். 15 என்று விட்டுவைத்தால் 45 விநாடியும் 8 முறை கூப்பிடும் நேரமும் சேர்ந்து, ஸ்பானிங் ட்ரீ போர்ட்டைத் திறக்கும் 50 விநாடியைத் தாண்டிப் போய்விடும். 7 என்று வைத்தால் 21-உம் 8-உம் சேர்ந்து அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதே வரிகளை எதிர்முனைச் சுவிட்சிலும் தட்ட வேண்டும். ஒரு முனையில் மட்டும் அமைத்தால் ஆபத்து ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. எதிர்க்குரலை ஒருமுறையாவது கேட்காதவரை யூடிஎல்டி எதையும் மூடாது. அதனால் எடைமேடையில் முடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் பட்டறைக்குப் போய் அமைக்க அவசரமில்லாமல் நேரம் கிடைக்கும்.

மூன்றாம் படி: சரிபார்த்தல்

"ஷோ யூடிஎல்டி நெய்பர்ஸ்" என்று தட்டினால், எதிர்ச் சுவிட்சின் பெயரும் போர்ட் எண்ணும் இருவழி என்று பொருள்படும் பைடைரக்ஷனல் என்ற சொல்லும் வர வேண்டும். எதுவும் வராவிட்டாலோ, நிலை தெரியவில்லை எனும் அன்னோன் என்று வந்தாலோ, பெரும்பாலும் எதிர்முனையில் அமைக்க மறந்திருப்பீர்கள். இடையில் யாராவது ஒரு மலிவான சிறு சுவிட்சைச் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். யூடிஎல்டி இரண்டே சுவிட்சுகள் நேருக்கு நேர் பேசுவதற்கானது. நடுவில் மூன்றாமவர் நின்றால் அதன் கணக்கு குழம்பும்.

நான்காம் படி: நீங்களே ஓர் இழையைப் பிடுங்குங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் அதிகம். என் கருத்தில், இது இல்லாமல் மற்ற மூன்றும் வெறும் நம்பிக்கை. லோரிகள் வராத மாலை நேரத்தில், எடைமேடைக் கன்வர்ட்டரின் பெறும் முனையை மட்டும் மெதுவாகக் கழற்றிவிட்டு, கைபேசியில் விநாடியை எண்ணுங்கள். நாங்கள் செய்தபோது கிராணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியருகே குந்தியிருந்தேன். அரை நிமிடம் ஆவதற்குள் யூடிஎல்டி போர்ட்டை முடக்கியதாகப் பதிவு வரியொன்று திரையில் ஓடியது. அதுவரை விடாப்பிடியாக எரிந்த பச்சை விளக்கும் நின்றது. "ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ் எர்ர்-டிசேபிள்ட்" என்று தட்டினால் போர்ட்டின் எண்ணும் அதற்கு நேரே காரணமாக யூடிஎல்டி என்ற சொல்லும் இருக்கும்.

இழையை மீண்டும் செருகினால் மட்டும் போர்ட் திறந்துவிடாது. "யூடிஎல்டி ரீசெட்" என்று தட்டுங்கள், அல்லது அந்தப் போர்ட்டுக்குள் "ஷட்டவுன்", "நோ ஷட்டவுன்" என்று அடுத்தடுத்துக் கொடுங்கள். பிறகு அடுத்த முனையின் பெறும் இழையைக் கழற்றியும் ஒருமுறை பாருங்கள்.

தானாகத் திறக்க விடலாமா?

சுவிட்சுக்கு அப்படி ஓர் ஏற்பாடு உண்டு.

எர்ர்டிசேபிள் ரிகவரி காஸ் யூடிஎல்டி
எர்ர்டிசேபிள் ரிகவரி இன்டர்வல் 300

300 விநாடிக்கு ஒருமுறை போர்ட்டைத் திறந்து பார்க்கும். தோட்டத்தின் கோடியில், ஒரே ஒரு இணைப்பை நம்பி நிற்கும் சுவிட்சுக்கு இதைப் போடுங்கள். இல்லாவிட்டால் மழையில் செம்மண் பாதையில் நீங்கள்தான் போய்த் திறக்க வேண்டும். வளையத்தில் உள்ள இணைப்புக்கு நான் இதைப் போடுவதில்லை. பழுது தீராமல் போர்ட் திறந்தால், எதிர்க்குரலை இன்னும் ஒருமுறைகூடக் கேட்காத நிலையில் அக்ரெசிவ் முறைக்கு மூடுவதற்கான காரணமே கிடைக்காமல் போகலாம். நாம் அடைத்த கதவைக் கடிகாரமே திறந்துவிட்டதாக ஆகும். இந்த ரிகவரிக் கட்டளை சுவிட்ச் முழுவதற்கும் பொருந்தும், போர்ட்டுக்குப் போர்ட் பிரிக்க முடியாது என்பதையும் முன்பே கருதிக்கொள்ளுங்கள்.

வளையம் இருந்தால் இன்னொரு வரி

ஸ்பானிங் ட்ரீயின் ரேப்பிட் வகையைப் பயன்படுத்துபவர்கள், மேலே சொன்ன 50 விநாடிக் கணக்கை நம்ப வேண்டாம். அங்கே மூன்று அறிவிப்புகள், அதாவது 6 விநாடி, தவறினாலே போதும். எதிரில் ஆள் இல்லை என்று முடிவாகிவிடும். 7 விநாடிக்கு ஒருமுறை பேசும் யூடிஎல்டி அந்த ஓட்டத்தில் எப்போதும் முந்தும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்கு லூப் கார்டு இருக்கிறது. அடைபட்டிருக்கும் போர்ட்டுக்கும், ஸ்பானிங் ட்ரீயில் வேர் எனப்படும் தலைமைச் சுவிட்சை நோக்கியுள்ள போர்ட்டுக்கும் உள்ளே சென்று,

ஸ்பானிங்-ட்ரீ கார்டு லூப்

என்று போட்டுவிட்டால், அறிவிப்பு நின்றவுடன் போர்ட் திறப்பதற்குப் பதிலாக முரண்பட்ட நிலை என்று நின்றுவிடும். அறிவிப்பு திரும்பி வந்ததும் தானே சீராகும். பழைய ஸ்பானிங் ட்ரீ ஓடும் வளையத்திலும் இதைப் போடலாம். அந்த ஆலையில் இந்த ஒரு வரி முன்பே இருந்திருந்தால், அன்று லோரிகள் வரிசையில் நின்றிருக்கா. ஆனாலும் இதை யூடிஎல்டிக்கு மாற்றாகக் கொள்ள முடியாது. இழைகள் தொடக்கத்திலேயே மாறிச் செருகப்பட்டால் யூடிஎல்டிதான் கண்டுபிடிக்கும். இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

வேறு நிறுவனச் சுவிட்சுகள் என்றால் யூடிஎல்டி என்ற பெயரைத் தேடிக் களைத்துவிடாதீர்கள். ஹுவாவெய், எச்3சி சுவிட்சுகளில் இதே வேலையை டிஎல்டிபி செய்கிறது. ஒரு முனை சிஸ்கோ, மறுமுனை ஹுவாவெய் என்றால் இவை ஒன்றோடொன்று பேசா. அப்போது இணைப்பை, இணைப்புகளைக் கட்டுச் சேர்க்கும் எல்ஏசிபி முறையில் குழுவாக்கி, வேக முறையில் வைப்பது என் வழக்கம். விநாடிக்கு ஒருமுறை பேசிக்கொள்ளும் அந்த முறையில் 3 விநாடி பதில் இல்லாவிட்டால் இணைப்பு குழுவிலிருந்து விலகிவிடும். மெதுவான முறையில் அதற்கு 90 விநாடி ஆகும்.

முடிந்ததும் "காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்டப்-கன்ஃபிக்" என்று தட்டிச் சேமியுங்கள். மின்வெட்டு வந்தால் சேமிக்காதது போய்விடும். அப்படியே கன்வர்ட்டர் பெட்டியின் வெளிப்பக்கத்தில், எந்த இழை எந்தச் சுவிட்சின் எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்று எழுதி ஒட்டுங்கள். அந்த ஆலையில் பெட்டிக் கதவில் ஒரு சிறு சன்னலும் வெட்டச் சொன்னேன். இப்போது கிராணி தொலைபேசி எடுக்கும் முன் ஃபைபர் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்.