கல்லின் தோலைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

கல் பார்க்க முதல்முறை வரும் மாணவர்களோடு அலைவது எனக்குப் பழகிப்போன வேலை. தொடக்கத்தில் நான் செய்த அதே கோளாறுகளை ஒவ்வொரு அணியும் புதிதாகக் கண்டுபிடித்துச் செய்கிறது. சுத்தியலை மறப்பது, மாதிரியில் எண் எழுதாமல் விடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உடைக்காமல் பெயர் எழுதுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சென்னை பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் சார்னோக்கைட் என்ற பாறை வகை. புதிதாக உடைத்த முகம் கருமையாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதில் உள்ள கனிமங்களில் குவார்ட்ஸ்கூட நீலச் சாம்பலாக இருக்கும், ஃபெல்ட்ஸ்பாரில் பச்சைச் சாயல் தெரியும். வெயிலும் மழையும் பட்ட மேல்தோலோ பழுப்பேறி, சொரசொரப்பாகக் கிடக்கும்.

ஓர் அணி அந்தத் தோல் துண்டுகளை மட்டும் பை நிறையப் பொறுக்கி வந்தது. குறிப்பேட்டில் 'மணற்கல்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்த வெள்ளை மணிகளைக் கத்தி கீறியதாம், அதனால் அவை 'கால்சைட்', அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் மென்மையான கனிமம். நுண்ணோக்கியில் பார்க்க 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்க்கப் போனால் பாதி உதிர்ந்தே போனது. மறுபடி வண்டி பிடித்துப் போனார்கள், சொந்தச் செலவில்.

அந்த வெள்ளை மணிகள் ஃபெல்ட்ஸ்பார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியம், சோடியம், கால்சியம், கொஞ்சம் சிலிகா எல்லாவற்றையும் அது கழுவிக்கொண்டு போக, கேயோலின் போன்ற களிமண் மிஞ்சுகிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் 6, சாதாரணக் கத்திக்கு மசியாது. களிமண்ணான பிறகு நகமே போதும். புத்தகத்தில் இருக்கும் கடின எண் சிதையாத கனிமத்துக்கு மட்டும்தான். பழுப்பு நிறம் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் வகைக் கனிமத்தில் இருக்கும் இரும்பு துருப்பிடித்ததால் வந்தது. குவார்ட்ஸ் மட்டும் அசையாமல் துருத்திக்கொண்டு நிற்பதால் தொட்டால் மணற்கல் மாதிரி இருக்கிறது.

சிதைவதில் ஒரு வரிசை உண்டு. 1938-இல் கோல்டிச் என்ற புவியியலாளர் எழுதியது: ஒலிவின் முதலில் போகும், அப்புறம் பைராக்சீன், ஆம்பிபோல், பயோடைட் என்ற கறுப்பு மைக்கா, பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார், வெள்ளை மைக்கா, கடைசியில் குவார்ட்ஸ். இதைத் தெரிந்தவர் தோலையும் வீணாக்க மாட்டார். எது குழிந்திருக்கிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்று பார்த்தாலே உள்ளே இருப்பதைப் பாதி ஊகிக்கலாம். அதனால் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பாறையின் மூலையில் அடியுங்கள். ஒரு பக்கம் தோலும் மறுபக்கம் புதுமுகமும் உள்ள துண்டாக எடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்புவது

வேண்டாம்.

காக்காப்பொன்னைப் பார்த்துப் பரவசமாவது

சிதைந்த பயோடைட் பொன்னிறத்தில் மின்னும். ஊசியால் குத்துங்கள். தகடு தகடாக உரிந்தால் மைக்கா. தங்கம் உரியாது, நசுங்கும்.

அமிலத்தில் நுரைத்தால் சுண்ணாம்புக்கல், நுரைக்காவிட்டால் இல்லை

இரண்டுமே தவறு. கருங்கல்லின் விரிசலில் படிந்த கால்சைட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைக்கும். விரிசலை விட்டு, உடைத்த முகத்தில் சொட்டுங்கள். சேலத்தில் ஒலிவின் பாறை மாறி உண்டான வெள்ளை மாக்னசைட் கார்பனேட்தான், ஆனாலும் குளிர்ந்த அமிலத்தில் சும்மாவே இருக்கும். அதைப் பொடியாக்கி, அமிலத்தைச் சற்றுச் சூடாக்கினால்தான் நுரை வரும். அந்த வேலையைக் களத்தில் செய்யாமல் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.