காலும் கருத்தும் சேர்ந்து ஆடும் மின்னிசை
மின்னிசையில் நுணுக்கம் காட்ட விரும்புவோர் முதலில் கிக் டிரம்மை, அதாவது தாளத்தைத் தாங்கும் கனத்த முரசடியை, மாற்றாமல் விட வேண்டும்; நிமிடத்திற்கு 125 துடிப்புகள் என்ற வேகத்தில் அது தவறாமல் விழுந்தால்தான் கேட்பவரின் கால்கள் அதை நம்பி ஆடும். சிக்கலை அதன் மேலே வைக்கலாம். ஒரு துடிப்பின் கால் பங்கை ஒரு படி என்று கொண்டு, 16 படிகள் கொண்ட தாளச் சுற்றின்மீது 7 படிகளே கொண்ட சின்த் (மின்னணு இசைக்கருவி) மெட்டை ஓடவிட்டால், அது சுற்றுக்குச் சுற்று இடம் நழுவி, 112 படிகள் முடிந்ததும், அதாவது ஏறத்தாழ 13 விநாடிகளில், மீண்டும் கிக்குடன் ஒன்றாகத் தொடங்கும். கணக்குப் போடாதவரும் அந்தச் சந்திப்பை உடலால் உணர்வார். இத்தகைய மெட்டு ஒன்றே போதும். இரண்டாவது பெரும்பாலும் நம் கெட்டிக்காரத்தனத்தைப் பறைசாற்றவே வருகிறது.

உணர்ச்சிக்கு, மேலே சி (C) ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, பாஸை, அதாவது அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரத்தை, ஏ-யிலிருந்து (A) அரைப்படி கீழே உள்ள ஏ-ஃப்ளாட்டுக்கு இறக்குங்கள்: மைனராக (சோகச் சாயலில்) ஏங்கிய அதே ஸ்வரம் மேஜராக (மகிழ்ச்சிச் சாயலில்) மலரும். பிறகு எழுந்து நின்று கேட்டு, உடலசைவு தயங்கும் இடத்தில் ஒரு ஒலித்தடத்தை நீக்குங்கள்.